கணக்கும் சுதந்திரமும்

1

1922 டிசம்பரில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஸெனட் கூடி, வங்க அரசாங்கம் தர முன்வந்த இரண்டரை லட்ச ரூபாய் மானியத்தை ஏற்பதற்கில்லை என்று தீர்மானித்தது. பல்கலைக்கழகத்தின் அப்போதைய பற்றாக்குறை அந்தத் தொகையைவிடப் பெரியது. எம்.ஏ., எம்.எஸ்ஸி. வகுப்பு எடுத்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் பாக்கி நின்றது. இருந்தும் பணம் வேண்டாம் என்றார்கள், அது நிபந்தனைகளோடு வந்தது என்பதனால். துணைவேந்தர் அஷுதோஷ் முகர்ஜி அன்று பேசிய பேச்சு இன்றும் வங்காளத்தில் மேற்கோள் காட்டப்படுகிறது. முதலாவதும் இரண்டாவதும் கடைசியாகவும் வேண்டியது சுதந்திரமே, வேறெதுவும் தனக்குத் திருப்தி தராது என்பது அதன் சாரம். மூன்று மாதம் கழித்து, 1923 மார்ச்சில், கவர்னர் லிட்டன் பிரபு அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: எதிர்ப்பை விட்டு அரசாங்கத்தோடு ஒத்துழைப்பதானால் இன்னொரு முறை துணைவேந்தராக நியமிக்கலாம் என்று. அஷுதோஷ் அதை அவமானம் என்று சொல்லித் திருப்பி எறிந்தார். 1924 மே மாதம் பாட்னாவில் இறந்தார். வங்காளத்தின் புலி என்ற பெயர் நிலைத்தது.

இந்த வீரத்தை நான் மறுக்கவில்லை. அந்தக் கடிதத்துக்கு அப்படித்தான் பதில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் கதை சொல்லப்படுகிற விதத்தில் ஒரு விஷயம் தொடர்ந்து விட்டுப்போகிறது. அரசாங்கத்தின் நிபந்தனைகளில் கணிசமான பகுதி கணக்கைப் பற்றியது. கணக்கு எப்படி எழுதப்பட வேண்டும், யாருக்கு அனுப்பப்பட வேண்டும், கையில் இல்லாத பணத்தை நம்பிப் புதிய செலவு ஏற்கலாமா என்பவை பற்றியது. சுதந்திரம் என்ற சொல் அந்த மண்டபத்தில் ஒலித்த உடனே இந்தக் கேள்விகள் காணாமல் போயின. நூறு வருஷத்துக்குப் பிறகும் அவை திரும்பவில்லை. அஷுதோஷை வணங்குகிறவர்கள் அவற்றை வெள்ளைக்காரனின் சூழ்ச்சி என்று ஒதுக்கினார்கள். அவரை வெறுத்தவர்களோ கணக்கு ஒன்றையே பிடித்துக்கொண்டு, அவர் கட்டியதைப் பார்க்க மறுத்தார்கள்.

எழுத்தாளர்களாகிய நமக்குக் கணக்கு என்றால் ஒரு இளக்காரம் உண்டு. நம்மில் பலர் பகலில் ஏதோ ஒரு ஆபீஸில் வவுச்சர் சரிபார்க்கிறவர்கள். மாலையில் அதை மறப்பதற்காக எழுதுகிறவர்கள். ஆகவே கலாசாலை என்றதும் அறிவு, ஆராய்ச்சி, சுதந்திரம் என்று பேசுவது சுலபமாக இருக்கிறது. ஒரு கலாசாலை எந்தப் பணத்தில் நடக்கிறது, அதற்கு யாரிடம் பதில் சொல்கிறது என்பது அது எந்த அறிவை வளர்க்கும் என்பதையே தீர்மானித்துவிடுகிறது என்று நாம் நினைப்பதில்லை. கல்கத்தாவின் கதை இதை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

2

1857இல் மூன்று சட்டங்கள் வந்தன. ஜனவரியில் கல்கத்தா, ஜூலையில் பம்பாய், செப்டம்பரில் சென்னை. மூன்றும் அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து எழுதப்பட்டவை. வாசகங்கள்கூடப் பெரும்பாலும் ஒன்றே. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். அதற்கு ஆசிரியர் வேண்டாம், நூலகம் வேண்டாம், ஆரம்பத்தில் சொந்தக் கட்டடம்கூட வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சட்டங்களில் பணத்தைப் பற்றி ஒரு பிரிவு உண்டு. பட்டத்துக்கும் பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் நியாயமான கட்டணம் வசூலிக்கலாம். அது பொதுக் கட்டண நிதி என்ற ஒரே நிதியில் சேர வேண்டும். அதிலிருந்து அரசாங்கத்தின் உத்தரவுகளுக்கு உட்பட்டு செலவு செய்ய வேண்டும். வரவுசெலவுக் கணக்கை வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கத்திடம் காட்ட வேண்டும். அரசாங்கம் அதை எப்படித் தணிக்கை செய்யச் சொல்கிறதோ அப்படிச் செய்யப்படும்.

வறண்ட வாசகம்தான். ஆனால் பின்னால் வந்த எல்லாச் சண்டைக்கும் விதை இதில் இருக்கிறது. பணம் வருவது பரீட்சை எழுதும் பையனிடமிருந்து, அதாவது அவன் தகப்பனிடமிருந்து. கணக்குப் போவது அரசாங்கத்துக்கு. கொடுத்தவனுக்கும் கேட்பவனுக்கும் சம்பந்தம் இல்லை. பணம் கொடுத்தவனுக்குச் சட்டத்தில் ஒரு இடமும் இல்லை. அவன் தேறினான் அல்லது தோற்றான். இந்த ஏற்பாட்டில் ஐம்பது வருஷம் சிக்கல் எழவில்லை, ஏனென்றால் பரீட்சை நடத்துவதைத் தவிர பெரிய செலவு இல்லை. யாரும் அரசாங்கத்திடம் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. கல்கத்தா பல்கலைக்கழகம் தன்னைச் சுயேச்சையான ஸ்தாபனமாக நினைத்துக்கொண்டதற்கு இது ஒரு காரணம். செலவில்லாதவனின் சுயேச்சை அது.

இதே சட்டத்தின் கீழ் நம் பக்கத்தில் பட்டம் பெற்ற முதல் மனிதர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை. பிறகு அவர் சென்னை அரசாங்கத்தின் வரவுசெலவுக் கணக்கு இலாகாவில் கணக்குச் சரிபார்க்கிற உத்தியோகம் பார்த்தார். 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர் அவரே. ஏட்டில் பாடம் சரிபார்க்கிற கண்ணும் பேரேட்டில் தொகை சரிபார்க்கிற கண்ணும் ஒரே மனிதனிடம் இருந்தன என்பதை நாம் ஒரு விநோதமாகச் சொல்லிச் சிரிக்கிறோம். எனக்கு அது விநோதமாகப் படவில்லை. இரண்டும் பொது உடைமையைப் பாதுகாக்கிற வேலைதான்.

3

கர்ஸன் கொண்டுவந்த 1904ஆம் வருஷத்துச் சட்டம் இரண்டு காரியம் செய்தது. பல்கலைக்கழகத்தின்மேல் அரசாங்கத்தின் பிடியை இறுக்கியது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஸெனட்டுகளுக்கு நூறு பேர் என்று உச்சவரம்பு வைத்து, பெரும்பான்மையை நியமனத்துக்கு விட்டது. அதே சட்டம், பல்கலைக்கழகங்கள் தாங்களே பேராசிரியர்களை நியமித்துப் பாடம் நடத்தலாம் என்றும் சொன்னது. முதல் பகுதியை எதிர்த்துத் தேசமே கூச்சலிட்டது. இரண்டாவது பகுதியை எடுத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டியவர் அஷுதோஷ் முகர்ஜி. ஹைகோர்ட் நீதிபதி, கணித மேதை. 1906 முதல் 1914 வரையும், மறுபடி 1921 முதல் 1923 வரையும் துணைவேந்தர். இடைக்காலத்தில் பதவி இல்லாவிட்டாலும் செல்வாக்குக் குறையவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? இரண்டு வழி. ஒன்று கொடை. 1912இல் வக்கீல் தாரக்நாத் பாலித் ஏறத்தாழ 15 லட்ச ரூபாய் பெறுமான பணமும் நிலமும் கொடுத்தார். அடுத்த வருஷம் ராஷ்பிஹாரி கோஷ் 10 லட்சம் கொடுத்தார். இந்த நாற்காலிகளில் இந்தியர்கள்தான் அமர வேண்டும் என்பது கொடையின் நிபந்தனை. 1914 மார்ச்சில் விஞ்ஞானக் கல்லூரிக்கு அஸ்திவாரக் கல் நடப்பட்டது. பாலித் பௌதிகப் பேராசிரியராக 1917இல் வந்து சேர்ந்தவர் சி.வி. ராமன். அதுவரை அவர் பார்த்த வேலை, 1907 முதல், இந்திய நிதி இலாகாவில் அக்கவுண்டன்ட் உத்தியோகம். அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மேகநாத் சாஹாவும் சத்யேந்திரநாத் போஸும் அதே கல்லூரியில் இளம் ஆசிரியர்கள். 1919இல் இந்திய மொழிகளில் எம்.ஏ. வந்தது, வங்காளியில் ஒருவன் எம்.ஏ. படிக்கலாம் என்பது அதுவரை கேள்விப்படாத விஷயம். 1921இல் தத்துவத்துக்கு மைசூரிலிருந்து ராதாகிருஷ்ணன் அழைக்கப்பட்டார். இருபது வருஷத்துக்குள் ஒரு பரீட்சை ஆபீஸ் ஆராய்ச்சிக் கூடமாயிற்று. இந்தியாவில் அதற்கு இணையாக ஒன்றும் இல்லை.

ஆனால் கொடையில் நாற்காலிதான் கிடைக்கும். நாற்காலியைச் சுற்றி வேண்டிய உதவி ஆசிரியர்கள், ஆய்வுகூடச் சாமான்கள், புத்தகங்கள், குமாஸ்தாக்கள், எம்.ஏ. வகுப்புகளின் நீண்ட பட்டியல் ஆகியவற்றுக்கான பணம் இரண்டாவது வழியில் வந்தது. அது பழைய பரீட்சைக் கட்டணம். 1917இல் முதுநிலைப் படிப்பு முழுவதையும் பல்கலைக்கழகம் தன் கையில் எடுத்துக்கொண்டபோது, கட்டண வருமானத்தில் ஒரு பகுதி அதற்கென்று ஒதுக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் கீழ் அப்போது ஏறத்தாழ 26,000 மாணவர்கள் படித்தார்கள். இதற்கும் கீழே, ஒவ்வொரு வருஷமும் மெட்ரிகுலேஷன் எழுதிய பள்ளிக்கூடப் பையன்களின் பெருங்கூட்டம். மைமன்சிங்கிலோ பரிஸாலிலோ ஒரு கிராமத்துப் பையன் கட்டிய கட்டணத்தின் ஒரு பங்கு, அவன் ஒருநாளும் பார்க்கப்போகாத ஆய்வுகூடத்துக்குப் போயிற்று. அவன் தோற்றால் மறுபடி கட்ட வேண்டும்.

இந்த ஏற்பாட்டை அநியாயம் என்று உடனே சொல்லிவிட முடியாது. அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் போதிய பணம் தரவில்லை. அடிமை நாட்டில் ஆராய்ச்சிக்கு வேறு யார் தருவார்கள்? பரந்த அடித்தளத்தில் சிறிது சிறிதாக எடுத்துச் சிகரத்தைக் கட்டுவது ஒருவகை வரிவிதிப்பு. வரி என்று ஒப்புக்கொண்டால் அதை நியாயப்படுத்தலாம். ஆனால் யாரும் அதை வரி என்று சொல்லவில்லை. வரி என்றால் செலுத்துகிறவனுக்கு ஒரு கேள்வி கேட்கும் உரிமை பிறந்துவிடும்.

வேறொரு விளைவும் உண்டு. சிகரம் அடித்தளத்தின் எண்ணிக்கையை நம்பி நிற்கும்போது, எண்ணிக்கை குறையக் கூடாது என்பதே நிர்வாகத்தின் உள்ளூரத் தேவையாகிவிடுகிறது. கல்கத்தா மெட்ரிகுலேஷனில் தேறுவது சுலபமாகிவிட்டது, கட்டணத்துக்காகத் தரம் தாழ்த்தப்படுகிறது என்று அன்றே குற்றச்சாட்டு எழுந்தது. அப்படி யாராவது திட்டமிட்டார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. திட்டமிடாவிட்டாலும் கணக்குப் புத்தகம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

4

1917இல் மைக்கேல் ஸாட்லர் தலைமையில் ஒரு கமிஷன் வந்து, 1919இல் பதின்மூன்று பாக அறிக்கை ஒன்றைத் தந்துவிட்டுப் போயிற்று. மெட்ரிகுலேஷனையும் இன்டர்மீடியட்டையும் பல்கலைக்கழகத்திடமிருந்து எடுத்துத் தனியான ஒரு போர்டிடம் கொடுக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான யோசனைகளில் ஒன்று. கல்வி ரீதியில் சரியான யோசனை. ஆனால் பல்கலைக்கழகத்தின் பேரேட்டைத் திறந்து பார்த்தால், அந்த யோசனை அடிக்கட்டையை வெட்டச் சொல்கிறது என்பது தெரியும். மெட்ரிகுலேஷன் போனால் கட்டணம் போகும். கட்டணம் போனால் எம்.ஏ. வகுப்பு போகும். அந்த நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது என்ற கேள்விக்குப் பதில் வராமல் அஷுதோஷ் அசையத் தயாராக இல்லை. வங்காளத்தில் பள்ளி இறுதிப் பரீட்சை பல்கலைக்கழகத்தின் கையை விட்டுப் போனது சுதந்திரத்துக்குப் பிறகு, 1951இல் ஒரு தனிப் போர்டு ஏற்பட்டபோதுதான். முப்பது வருஷத் தாமதத்துக்குப் பின்னால் இருந்த காரணங்களில் இந்த வரவுக் கணக்கும் ஒன்று.

1921இல் நிலைமை மாறியது. அதுவரை கல்கத்தா பல்கலைக்கழகத்தின் வேந்தர் வைஸ்ராய். அந்த வருஷம் பொறுப்பு வங்க அரசாங்கத்துக்கு வந்தது, கவர்னர் வேந்தரானார். மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் இரட்டையாட்சியில் கல்வி இந்திய மந்திரியிடம் விடப்பட்ட இலாகா. மந்திரி பிரபாஷ் சந்திர மித்தர். இலாகாவைக் கொடுத்தார்கள், பணத்தைக் கொடுக்கவில்லை. மெஸ்டன் கமிட்டி செய்த நிதிப் பங்கீட்டில் வங்காளத்துக்கு நஷ்டம். சணல் ஏற்றுமதி வரி மத்திய சர்க்காருக்குப் போயிற்று. அதே 1921இல் ஒத்துழையாமை இயக்கம். மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறினார்கள், பரீட்சைக்கு வந்தவர்களின் தொகை சரிந்தது, கட்டணம் வீழ்ந்தது. ஜூலையில் தாக்கா பல்கலைக்கழகம் திறந்து, அரசாங்க மானியம் அந்தப் பக்கம் போயிற்று. கல்கத்தாவின் எம்.ஏ. வகுப்புகளோ அப்படியே இருந்தன. சம்பளப் பட்டியலும் அப்படியே இருந்தது.

கட்டணத்தை நம்பிக் கட்டிய கட்டடம் கட்டணம் வீழ்ந்த ஒரே வருஷத்தில் ஆடியது. அஷுதோஷ் முதல் தடவையாக அரசாங்கத்திடம் பெரிய அளவில் கேட்க வேண்டியதாயிற்று. சட்டசபையில் உறுப்பினர்கள் பல்கலைக்கழகத்தின் நிதி நிர்வாகத்தை விசாரிக்க வேண்டும் என்றார்கள். மந்திரி, யோசனையற்ற விஸ்தரிப்பு என்றார். அக்கவுண்டன்ட் ஜெனரலின் அதிகாரிகள் கணக்கைப் பார்த்துக் குறை எழுதினார்கள். 1922இல் இரண்டரை லட்சம் வந்தது, நிபந்தனைகளோடு.

5

நிபந்தனைகளை ஒன்றாகப் படிக்கிறவர்கள் ஒன்றாக ஏற்கிறார்கள் அல்லது ஒன்றாக நிராகரிக்கிறார்கள். நான் அவற்றை இரண்டாகப் பிரிக்கிறேன்.

கணக்கு அக்கவுண்டன்ட் ஜெனரல் சிபாரிசு செய்த முறையில் எழுதப்பட வேண்டும் என்பது ஒரு வகை. இதில் சுதந்திரத்துக்கு எந்தப் பங்கமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வருஷாந்திரத் தணிக்கை 1857 முதலே சட்டத்தில் இருந்தது. எந்த நிதியிலிருந்து எந்தச் செலவு போயிற்று என்று ஒரு மூன்றாம் மனிதன் புரிந்துகொள்ளும்படி எழுதுவது ஒரு ஸ்தாபனத்துக்கு இழுக்கு என்றால், அதன் கௌரவம் மிகவும் மெல்லியதாக இருந்திருக்க வேண்டும்.

பற்றாக்குறை தீரும்வரை புதிதாகச் செலவு வைக்கிற எந்த விஸ்தரிப்பும் கூடாது, மாதாமாதம் வரவுசெலவு அறிக்கையை அரசாங்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும் என்பது இன்னொரு வகை. இது வேறு. தணிக்கை நடந்து முடிந்ததைப் பற்றிக் கேட்கிறது: என்ன செய்தாய், சொல். இது நடக்கப்போவதைப் பற்றிச் சொல்கிறது: நான் சொல்லும்வரை செய்யாதே. முன்னது கணக்கு, பின்னது கடிவாளம். எந்த மாதத்தில் எந்தத் துறைக்கு எவ்வளவு போகிறது என்று ரைட்டர்ஸ் பில்டிங்கில் ஒரு செக்ரட்டரி பார்த்துக்கொண்டிருந்தால், புதிதாக எந்தப் பாடம் ஆரம்பிக்கலாம் என்பதும் அவருடைய முடிவாகிவிடும். அஷுதோஷ் பயந்தது நியாயம்.

அரசாங்கம் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியது. கணக்கின் பெயரால் கடிவாளத்தை ஏற்றிவிடலாம் என்று அது நினைத்திருக்கலாம். அஷுதோஷ் அந்தக் கயிற்றை அவிழ்க்கவில்லை. கடிவாளத்தை எதிர்க்கிற வேகத்தில் கணக்கையும் சேர்த்துத் தள்ளினார். இரு தரப்புக்கும் அந்தக் கட்டு சௌகரியமாக இருந்தது என்பதே என் குற்றச்சாட்டு.

இங்கே இன்னொரு சங்கடமான விஷயம். மானியத்துக்குப் பணம் ஒதுக்கியது வெள்ளைக்காரக் கலெக்டர் அல்ல, வங்காளச் சட்டசபை. கேள்வி கேட்ட மந்திரி வங்காளி. சொத்தும் வரியும் உள்ள சிறுபான்மையினரின் வாக்கில் வந்த சபைதான், காங்கிரஸ் பகிஷ்கரித்த தேர்தல்தான். அதன் பிரதிநிதித்துவத்தைப் பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியர்கள் ஒரு பொது ஸ்தாபனத்தைப் பார்த்துக் கணக்கு எங்கே என்று கேட்ட ஆரம்பச் சந்தர்ப்பங்களில் அது ஒன்று. அந்தக் கேள்விக்கு அந்நிய ஆட்சியின் கேள்விக்குச் சொல்லும் பதிலே சொல்லப்பட்டது. அடுத்த நூறு வருஷம் நாம் இந்தக் குழப்பத்திலிருந்து மீளவில்லை.

கேட்டவர்களில் தேசியவாதிகளும் இருந்தார்கள். மாடர்ன் ரிவ்யூ பத்திரிகையின் ஆசிரியர் ராமானந்த சாட்டர்ஜியை யாரும் சர்க்கார் ஆள் என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக நிர்வாகத்தைப் பற்றிக் கடுமையாக எழுதியவர் அவர். அந்தப் பத்திரிகையில் எழுதிய சரித்திராசிரியர் ஜதுநாத் சர்க்கார், தரம் தாழ்ந்த பரீட்சையையும் அவசர விஸ்தரிப்பையும் தொடர்ந்து கண்டித்தார். 1926இல் அவரே துணைவேந்தராகி இரண்டு வருஷம் இருந்தார். இவர்கள் கேட்டது அரசாங்கத்தின் கடிவாளத்தை அல்ல. ஆனால் புலியின் ஆதரவாளர்களுக்கு அந்த வித்தியாசத்தைப் பார்க்கப் பொறுமை இருக்கவில்லை.

6

பல்கலைக்கழகம் கணக்கை மறைத்தது என்று நான் சொல்லவில்லை. ஸெனட்டுக்குப் பட்ஜெட் வந்தது, விவாதம் நடந்தது, நடவடிக்கைக் குறிப்புகள் அச்சாயின. என் கேள்வி அந்த ஸெனட் யாருக்குப் பதில் சொன்னது என்பது. நூறு இடத்தில் எண்பது நியமனம். பதிவு செய்துகொண்ட பட்டதாரிகள் தேர்ந்தெடுத்தது பத்து, பேராசிரியர் குழுக்கள் தேர்ந்தெடுத்தது பத்து. சுதந்திரம் கேட்டு எழுந்த அந்தச் சபை, கர்ஸனின் சட்டம் உண்டாக்கிய சபை. நிறைந்த மண்டபத்தில் அஷுதோஷ் தேசத்தின் பெயரால் பேசினார். தேசத்துக்கு அங்கே உறுப்பினர் இல்லை.

பரிஸால் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ஒருவர், எங்கள் பையன்கள் கட்டிய பணத்தில் எவ்வளவு பரீட்சைக்குப் போயிற்று, எவ்வளவு எம்.ஏ.வுக்குப் போயிற்று என்று கேட்டிருந்தால் அதற்கு எந்த மேடையும் இல்லை. சம்பளம் கிடைக்காத ஆசிரியன் நிலை இன்னும் மோசம். அவன் தியாகத்தைக் கேட்டு வாங்கினார்கள். அவன் பெயரால் மறுத்தார்கள். பொது லட்சியத்துக்காகப் பட்டினி கிடப்பது உயர்ந்தது. ஆனால் எந்தச் செலவினால் தன் சம்பளம் நின்றது என்று தெரிந்துகொண்டு பட்டினி கிடக்க அவனுக்கு உரிமை உண்டு. சாஹா 1923இல் கல்கத்தாவை விட்டு அலஹாபாதுக்குப் போனார். போஸ் 1921லேயே தாக்காவுக்குப் போய்விட்டார். பாக்கிச் சம்பளத்தின் சரித்திரத்தை யாராவது எழுதினால் இந்தப் பயணங்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் வாரியத்துக்கு யார் வரக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினர்களும் குடவோலைக்குப் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். அது பிராமணர்களின் சபை, நிலம் உள்ளவர்களின் சபை. அதை ஜனநாயகம் என்று கொண்டாடுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஆனால் அந்த விதியின் தர்க்கம் கவனிக்கத் தக்கது. கணக்கை ராஜாவின் அதிகாரியிடம் காட்டாதவன் என்பதற்காக அவன் விலக்கப்படவில்லை. தன் சபைக்குள் கணக்குக் காட்டாதவன் மறுபடி தன் சபையை நடத்தக் கூடாது என்பது விதி. கணக்குக் காட்டுவது அடிமைத்தனத்தின் அடையாளமாக அங்கே இல்லை. ஆள்வதற்கான யோக்யதையாக இருக்கிறது. 1922இல் கல்கத்தாவில் தொலைந்துபோனது இந்த எண்ணம்.

கணக்கை அரசாங்கத்துக்கு மாதாமாதம் அனுப்ப மாட்டேன், ஆனால் வங்காளத்தில் கட்டணம் கட்டும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் வங்காளியில் அச்சடித்து அனுப்புகிறேன் என்று அஷுதோஷ் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வங்காளியை எம்.ஏ. பாடமாக்கியவருக்கு அது தோன்றியிருக்கக் கூடாததல்ல. அப்போது லிட்டனின் கையில் ஆயுதம் இருந்திராது. சுதந்திரம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு ஜனசமூகம் நின்றிருக்கும்.

7

பிரிட்டனில் 1919இல் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பட்டது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பணம்; செலவில் அரசாங்கம் தலையிடாது; பார்லிமென்டின் தணிக்கை அதிகாரிக்குப் புத்தகம் திறக்காது. சுதந்திரத்துக்கு உதாரணமாக அதை நம் கல்விமான்கள் வெகுகாலம் காட்டினார்கள். அந்த ஏற்பாடு நடந்ததற்குக் காரணம், பணம் கொடுக்கும் டிரஷரி அதிகாரியும் பணம் வாங்கும் துணைவேந்தரும் பெரும்பாலும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பதுதான். தெரிந்தவர்களுக்குள் ரசீது வேண்டியிருக்கவில்லை. செலவு பெருகி, வெளியிலிருந்தவர்கள் கேட்க ஆரம்பித்ததும் அது தாங்கவில்லை. 1968 முதல் தணிக்கை அதிகாரி உள்ளே வந்தார். 1989இல் குழுவே கலைக்கப்பட்டது.

நாம் ராதாகிருஷ்ணன் கமிஷனின் யோசனைப்படி அந்தக் குழுவின் பெயரை வாங்கிக்கொண்டோம். 1953இல் குழு, 1956இல் சட்டம். கணக்கு விஷயத்தில் கல்கத்தாவின் இரண்டு தவறுகளையும் ஒருசேர வைத்துக்கொண்டோம். கடிவாளம் இருக்கிறது: துணைவேந்தர் நியமனத்தில், நிரப்பப்படாத பணியிடங்களில், வருஷக் கடைசியில் விடுவிக்கப்படும் மானியத்தில். காகிதக் கணக்கும் இருக்கிறது: தணிக்கைத் தடைகள் வருஷா வருஷம் எழுதப்பட்டு, பதில் எழுதப்பட்டு, பதில் போதாது என்று மறுபடி எழுதப்படுகின்றன. கட்டணம் கட்டுகிறவனுக்குச் சொல்லும் கணக்கு மட்டும் 1857 போலவே இல்லை.

கல்கத்தாவின் கட்டணக் கதை நம் ஊரில் தொலைதூரக் கல்வி என்ற பெயரில் திரும்ப நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வகுப்பறையில் ஒருநாளும் உட்காராதவர்களின் கட்டணம் அதற்குப் பெரிய வரவு. அந்த வரவை நம்பிச் சம்பளப் பட்டியல் 12,000 பேருக்கு மேல் வளர்ந்தது. நிறுவனர் குடும்பத்துக்குப் பரம்பரையாக இணைவேந்தர் பதவி. கேட்கக்கூடியவர் யாரும் இல்லை. 2012இல் சம்பளத்தையே குறைக்க வேண்டிய பேச்சு வந்தது. 2013 ஏப்ரலில் அரசு ஒரு நிர்வாகியை நியமித்தது. அதே வருஷம் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. உபரி ஊழியர்கள் பிற இலாகாக்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. இது அரசின் பணத்தில் நடக்கும் ஸ்தாபனமா, கட்டணத்தில் நடக்கும் ஸ்தாபனமா என்பதே அந்தத் தகராறின் மையம். 1922இல் யாரும் நேராகக் கேட்காத கேள்வியை நூறு வருஷம் கழித்து ஒரு வரி அதிகாரி கேட்டார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் வழக்கு. அளப்பது ஆற்றுக்காக அல்ல, போடுகிறவனுக்காக. பல்கலைக்கழகத்தின் சுதந்திரத்துக்காகப் பேசுகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நானும். ஆனால் சுதந்திரத்தைக் கேட்கும் ஸ்தாபனம் முதலில் தன் வரவையும் செலவையும் தமிழில் எழுதி, கட்டணம் கட்டுகிறவன் கையில் கொடுக்கட்டும். அதன் பிறகு அரசாங்கத்தின் நிபந்தனையை அது மறுக்கும்போது, மறுப்பவர்களோடு சேர்ந்து நிற்க வெளியிலும் ஆள் இருக்கும். ஸெனட் மண்டபம் ஒன்றே போதும் என்று 1922இல் நினைத்தார்கள். கல்கத்தாவின் அந்த மண்டபம் 1960இல் இடிக்கப்பட்டது.